ராமானுஜனும் மன்னவனூர்க் கம்பளியும்

 

பதிவு நீளம். சரித்திர வாத்தியாரிடம் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றால் நடக்காது என்று என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காபியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் மன்னவனூர் போயிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வத்தலக்குண்டில் குடியேறிவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மேலே போய் வராவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறை தாண்டி, சுமார் 35 கிலோமீட்டர். இந்த முறை போனதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டிருந்தாள். "சார், ஜெர்மனியில மேல்படிப்புக்கு சீட் கிடைச்சிருக்கு. அக்டோபர்ல ஆரம்பம். கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அது போதும்.

அவளுடைய அப்பா பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். ஜெர்மனிக்குப் போகிற மாணவர் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கு உண்டான பணத்தை முன்கூட்டியே அந்த நாட்டுக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் 11,904 யூரோ. நம் பணத்தில் பதினொன்று, பன்னிரண்டு லட்சம் ஆகிறது. பூண்டு போடுகிற காடு அடமானத்துக்குப் போயிருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா சிரித்த முகம் மாறவில்லை. வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காபி.

பிள்ளை முகத்தில் மட்டும் தெளிவில்லை.

சாயங்காலம் ஆட்டுப்பண்ணை ரோட்டில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "சார், போகணுமான்னு இருக்கு."

பயம்தான், முதல் பயணம், எல்லோருக்கும் வருவது என்று நான் ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள். அது இல்லையாம். வெளிநாடு போகிறவர்களைத் தயார் செய்கிற ஒரு பயிற்சி வகுப்புக்கு இரண்டு வாரம் சென்னை போயிருக்கிறாள். எந்த வகுப்பு என்பது நமக்கு வேண்டாம். கையால் சாப்பிடுவதை இன்றோடு மறந்துவிட வேண்டும் என்றார்களாம். தலையில் எண்ணெய் கூடாது. பெயர் அவர்கள் வாயில் நுழையாது, ஆகவே முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் பேசுகிற ராகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் அப்படியே பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

"அங்க போய் இறங்கின பிறகுதான் எல்லாம் புதுசா இருக்கும்னு நினைச்சேன் சார். இங்கேயே எனக்கு நானே வேத்தாள் மாதிரி ஆயிட்டேன்" என்றாள்.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "எந்த ஊர்னு கேட்டாங்க. கொடைக்கானல்னு சொன்னேன். நீங்கதான சார் அப்படிச் சொல்லச் சொன்னீங்க."

ஆமாம். நான்தான் சொன்னேன். அவளுக்கு மட்டுமல்ல, கீழே படிக்கப்போன ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி அனுப்பினேன். "மன்னவனூர்னா யாருக்கும் தெரியாது. கொடைக்கானல்னு சொல்லுங்க. அந்த மலைப்பேச்சையும் கொஞ்சம் குறைச்சுக்கங்க." நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் படுத்திருந்தபோது ராமானுஜன் நினைவுக்கு வந்தார். கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் அவர் கணக்கு உண்டு, அவருடைய குடுமி இல்லை. அந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

*

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் கல்லூரியை விட்டவர். 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்துபோய்ப் பிப்ரவரியில் பதில் போட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, முதல் தடவை கேட்டபோது ராமானுஜன் இங்கிலாந்து வர மறுத்துவிட்டார் என்பது.

காரணம் கடல். வைதிகக் குடும்பங்களில் கடல் கடந்தவன் சாதி இழந்தவன். பழைய தர்ம சூத்திரங்களிலேயே கடல் பயணம் குற்றப் பட்டியலில் இருக்கிறது. கல்யாணம், காரியம், பந்தி எதிலும் சேர்க்க மாட்டார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு மனிதனுக்கு அந்தக் காலத்தில் வங்கி, காப்பீடு, மருத்துவமனை எல்லாமே சொந்தபந்தம்தான். அது போனால் நடுத்தெரு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் ஸ்ரீவிஜயம் வரை கடல் கடந்து போயிருக்கிறது. ராமானுஜன் காலத்திலேயே நம் ஏழை சனங்கள் ஆயிரம் ஆயிரமாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்கும் கப்பல் ஏறினார்கள். அவர்கள் போகலாமா கூடாதா என்று யாரும் சாஸ்திரம் புரட்டவில்லை. புறப்படும் முன் உட்கார வைத்து எதையும் கற்றுத்தரவும் இல்லை. படிக்கப்போகிறவனுக்குத்தான் தடையும் உண்டு, தயாரிப்பும் உண்டு.

சரி, ராமானுஜனுக்கு வருவோம். 1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கணிதப் பேராசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவு நிகழ்த்த வந்தார். ராமானுஜனை எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நெவில் கேட்டபோது ராமானுஜன் சரி என்றுவிட்டார்! இடையில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை இது: அம்மா கோமளத்தம்மாளின் கனவில் மகன் வெள்ளைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், நாமக்கல் நாமகிரித் தாயார், மகனைத் தடுக்காதே என்கிறாள். இந்தக் கதை இரண்டு மூன்று விதமாக வழங்குகிறது. எதுவானால் என்ன, அந்த வீட்டில் அம்மா சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

மீதி இருந்த சந்தேகங்களை நெவில் ஒவ்வொன்றாகத் தீர்த்து வைத்தார். பணம்? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆங்கிலம்? உங்களுக்குத் தெரிந்தது போதும். சாப்பாடு? சைவமாகவே இருக்கலாம். பரீட்சை? எழுத வேண்டியதில்லை. இந்த நான்கையும் பாருங்கள். இன்றைக்கு விமானம் ஏறுகிற பிள்ளையிடம் கேட்டாலும் அதே நான்கு கேள்விதான். பரீட்சை விஷயத்தில் மட்டும் இப்போது சலுகை கிடையாது!

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. பயணத்துக்கும் உடுப்புக்கும் தனியாக 100 பவுன். அன்றைக்கு ஒரு பவுன் 15 ரூபாய். கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 3,750 ரூபாய். குமாஸ்தாவாக அவர் வாங்கியது வருடத்துக்கு 360. அந்தப் பணத்தில் மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் பெற்றோருக்குக் கொடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். வீட்டை நினைக்காமல் வெளிநாடு போன பிள்ளை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

*

இனிதான் தயாரிப்பு.

கப்பல் 1914 மார்ச் 17-ல் புறப்படுகிறது. அதற்கு முந்திய சில நாட்களில் அந்த 26 வயது மனிதரைப் பிரித்து வேறு ஆளாக மாற்றிக் கட்டினார்கள். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தன் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் அவரை உட்கார வைத்துச் சென்னைக் கடைகளுக்கு அழைத்துப் போனார். காலர், டை, சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் வாங்கினார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக வேண்டும் என்று சில நாள் மேல்நாட்டு முறையில் வாழ்கிற ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். சைவம்தான் பரிமாறினார்கள். ஆனாலும் முன்பின் தெரியாத ஆள் பரிமாற, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு குடுமி. சின்ன வயதிலிருந்து தலையில் இருந்த குடுமியை வெட்டினார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது முடிவெட்டு. அவருக்கு அப்படி இல்லை. குடுமி என்பது இன்னார் மகன், இன்ன குலம், இன்ன ஒழுக்கம் என்று வாய் திறக்காமல் சொல்லும் அடையாளம். அந்தக் கத்திரி ஓசை அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அம்மாவும் மனைவி ஜானகியும் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கோட்டும் கிராப்புமாகத் தன்னை அவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். தானும் வருகிறேன் என்று ஜானகி கேட்டதுண்டு. அப்போது அவருக்குப் பதினைந்து வயது நிறையப் போகிறது. அழைத்துப் போகவில்லை. ஆக, பெற்ற தாயும் கட்டிய மனைவியும் கப்பலடிக்கு வந்து வழியனுப்பவில்லை.

போர்ட் டிரஸ்டில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், ராத்திரி ராத்திரியாக அவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். புறப்படுவதற்கு முன், உன் சிலேட்டை எனக்குக் கொடு, என் சிலேட்டை நீ வைத்துக்கொள் என்று மாற்றிக்கொண்டாராம். அந்தக் களேபரத்தில் ராமானுஜனை மாற்றச் சொல்லாமல், அவருடைய பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

நெவாசா என்ற அந்தக் கப்பல் கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக ஏப்ரல் 14-ல் லண்டன் சேர்ந்தது. நெவில் வந்து வரவேற்றுப் பிறகு கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. போர்ட் டிரஸ்ட் தலைவர் ஸ்பிரிங் துரை கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுதியவர். எல்லோரும் அக்கறையோடுதான் செய்தார்கள். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போவது முக்கியம்.

*

கேம்பிரிட்ஜில் முதல் குளிர்காலம். கல்கத்தாவிலிருந்து படிக்க வந்திருந்த மகலனோபிஸ் என்ற மாணவர் ராமானுஜன் அறைக்குப் போகிறார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று மகலனோபிஸ் கேட்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்கிறார் ராமானுஜன். கம்பளி இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்க்கிறார். கட்டிலில் வேண்டிய மட்டும் கம்பளிகள் இருக்கின்றன! ஆனால் அந்த ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பளிகளை மடக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே கிடந்த மெல்லிய விரிப்புக்குள் படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் எப்படிப் படுப்பது என்று செய்து காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனாராம்.

கொஞ்சம் யோசியுங்கள். முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் சைவம், கல்லூரிப் பந்திக்குப் போகவே இல்லை. தன் அறையில் தானே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அது காலைக் கடித்தது, அறைக்குள் செருப்போடுதான் நடமாடினார். குடுமியை வெட்டினார்கள். அங்கே யாரும் கேட்டு வெட்டவில்லை. ஆனால் குளிரில் எப்படித் தூங்குவது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்றவர் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார்கள். அங்கே அவர் எப்படி வாழப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் போன சில மாதங்களில் முதல் உலகப் போர் வந்தது. காய்கறிக்கும் பாலுக்கும் திண்டாட்டம். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து தபாலில் போக வேண்டியிருந்தது. 1917-லிருந்து மருத்துவமனையும் விடுதியுமாக அலைந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் போய்ச் சேர்ந்தார். வயது 32. கம்பளியால்தான் செத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நோய்க்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வழியை யாராவது முதலிலேயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம் அல்லவா?

*

இது அவர் ஒருவர் கதை மட்டுமல்ல.

காந்தி 1888 செப்டம்பர் 4-ல் பம்பாயில் கப்பலேறியபோது 19 வயதுகூட நிறையவில்லை. மது, மாது, மாமிசம் தொட மாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். பம்பாயில் சாதிக்கூட்டம் கூட்டி அவரைத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவுகிறவருக்கும், துறைமுகத்தில் போய் வழியனுப்புகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றார்கள். புதிதாகத் தைத்த குட்டைக் கோட்டு அவருக்குக் கூச்சமாக இருந்தது, டை பிடிக்கவே இல்லை. கப்பலில் கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாமல் மேசைக்கே போகாமல், கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் அறையிலேயே தின்றார். லண்டன் போன பிறகு அந்தக் கூச்சம் அப்படியே தலைகீழானது. உயர்ந்த தொப்பி, நடன வகுப்பு, வயலின், பேச்சுப் பயிற்சி என்று சுமார் மூன்று மாதம் வெள்ளைக்காரத் துரையாகப் பார்த்தார். பிறகு தானே விட்டுவிட்டு, எங்கே மலிவாகச் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று தேடினார். பிழைக்கும் வழியை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவருக்கும் ஐந்து வருடம் முன்னால் ஒரு பெண். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் ஊரில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி. மருத்துவம் படிக்க அமெரிக்கா போவதென்று முடிவானதும் ஊர் அவரை என்ன பாடு படுத்தியது! வயது 18 இருக்கும். 1883 பிப்ரவரியில் வங்காளத்தில் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் சபை நடுவே நின்று, நான் ஏன் போகிறேன் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். உடையோ உணவோ பழக்கமோ மாற்றிக்கொள்ள மாட்டேன், இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்புவேன் என்று அறிவித்தார். ஏப்ரல் 7-ல் கணவர் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறினார். 1886-ல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். சேலையோடுதான் படித்தார். ஆனால் அந்தக் குளிரும் காசநோயும் அவரை விடவில்லை. 1887 பிப்ரவரியில் பூனாவில் காலமானார். 22 வயது நிறையவில்லை.

ராமானுஜன் எல்லாவற்றையும் விட்டார். ஆனந்திபாய் எதையும் விடவில்லை. இரண்டு பேருக்கும் குளிர் ஒன்றுதான். அதனால், பழக்கத்தை விடலாமா கூடாதா என்று சண்டை போடுவதில் பாதி வீண். எதை விடுவது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு.

நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி அளவெடுக்க வந்தார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஏரியை உண்டாக்கினார், பேரி மரங்களையும் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்கள் யாராவது நம் போல உடுத்திப் பழகிவிட்டு வந்தார்களா? ஊரையே தங்கள் ஊர் போல மாற்றிக்கொண்டார்கள். அதிகாரம் இருந்தவனுக்கு மலை மாறிக் கொடுத்தது. அதிகாரம் இல்லாதவன் தன் தலைமுடியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கொடைக்கானல் என்று சொல், மன்னவனூர் என்று சொல்லாதே என்று பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததும் அந்தக் கத்திரியின் ஒரு துண்டுதான்.

*

இனி என் சொந்தக் கதை ஒன்று. பலருக்கு நான் சொன்னதில்லை.

நான் ராமநாதபுரம் சீமைக்காரன். வெயிலைத் தவிர வேறு எதையும் அறியாத உடம்பு. 1986 டிசம்பரில் மன்னவனூருக்கு மாறுதல் வந்தது. கிளம்பும் முன் ஊரில் எல்லோரும் எனக்கு யோசனை சொன்னார்கள். மலைக்குப் போகிறாய், ஸ்வெட்டர் வாங்கிக்கொள், தொப்பி வாங்கிக்கொள், பூட்ஸ் வாங்கிக்கொள். எல்லாம் வாங்கிக்கொண்டு சினிமாவில் வருகிற மாதிரி வந்து இறங்கினேன். முதல் ராத்திரி வாடகை வீட்டில் தரையில் பாயைப் போட்டு, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடியும் வரை பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. அன்றைக்கே மாறுதல் கேட்டு மனு எழுதி வைத்துவிட்டேன். உண்மை!

பக்கத்து வீட்டுப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். பாயைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "குளிர் மேல இருந்து வரல வாத்தியாரே, தரையில இருந்து வருது. ஒண்ணைக் கீழ விரிங்க, ஒண்ணை மேல போத்துங்க" என்றார். ஒரு சாக்கையும் கொண்டுவந்து பாய்க்கு அடியில் போட்டார். ராத்திரி படுக்கும் முன் குடிக்கப் பூண்டு தட்டிப் போட்ட ரசம் ஒரு சொம்பு.

அன்று ராத்திரி தூங்கினேன். மனுவைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பல வருடம் அங்கேதான்.

என் பேச்சை மாற்று என்று அந்தப் பாட்டி சொல்லவில்லை. என் ஊரை மற என்று சொல்லவில்லை. எப்படித் தூங்குவது என்று சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் செய்ததும் அதுதான்.

நம் ஆட்டுப்பண்ணையில் கூட அதுதானே நடக்கிறது? 1965-லிருந்து இருக்கிற மத்திய அரசுப் பண்ணை. வெளிநாட்டு மெரினோ வழியில் வந்த ரோம ஆடுகளை வளர்க்கிறார்கள். புது இடத்துக்கு ஓர் ஆட்டைக் கொண்டுவந்தால் அதற்கு என்ன தீனி, எந்த மாதத்தில் ரோமம் வெட்டுவது, மழையில் எங்கே ஒதுக்குவது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நம் ஆட்டைப் போல் கத்து என்று யாரும் அதற்குப் பயிற்சி கொடுப்பதில்லை!

*

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடம் இதெல்லாம் சொன்னேன். முதலில் ஒரு வார்த்தை. "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. உன் ஊர் மன்னவனூர். தெரியாதவங்களுக்கு நீ சொன்னாத்தான் தெரியும்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் பட்டியல் போட்டோம். காய்ச்சல் வந்தால் எந்த நம்பரைக் கூப்பிடுவது. மருத்துவக் காப்பீட்டுத் தாளை எங்கே வைப்பது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, காய் வாங்கிவிட வேண்டும். நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது மனசு சோர்ந்தால் யாரிடம் பேசுவது. முள்கரண்டியும் கற்றுக்கொள், தப்பில்லை, ஒரு வாரத்தில் வந்துவிடும். அறைக்கு வந்தால் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடு, யாரும் கேட்க மாட்டார்கள். பெயரை முழுசாகச் சொல். அவர்கள் வாயில் நுழைய இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

குளிரைப் பற்றி எழுதப் போனேன். பேனாவை வாங்கிக்கொண்டாள். "அது எனக்குத் தெரியும் சார். நான் மன்னவனூர்க்காரி" என்றாள். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறாள். வெளிநாட்டில் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே நீங்கள் தட்டுத் தடுமாறி, யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்ட சின்னச் சின்ன விஷயங்களைக் கீழே எழுதுங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை எழுத வேண்டாம். எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, உடம்பு முடியாதபோது என்ன செய்வது என்பதை எழுதுங்கள். அவள் படிப்பாள். அடுத்து வருகிற பிள்ளைகளும் படிப்பார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு: விமான நிலையத்துக்கு எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேரும் வாருங்கள். ஒரு ரூபாய் நாலணா அபராதம் போட இப்போது யாரும் இல்லை.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்